ஆஸ்திரேலியாவில் நிலக்காட்சிப் படம்: எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

பள்ளி விடுமுறை முடிந்த வாரத்தில் எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கிவிடும். உலுரு (பாலைவனத்துச் சிவப்புப் பாறை), நீலமலை (சிட்னி பக்கத்து ப்ளூ மவுண்டன்ஸ்), கிரேட் ஓஷன் ரோடு (கடலோரச் சாலை) என்று இடம் மாறும், கேள்வி மாறாது: "அண்ணா, இதைப் பாருங்க, கேமரா போயிடுச்சா?" பெரும்பாலும் போயிருக்காது. செம்மண் புழுதி, உப்புக் காற்று, கானல், ஈரம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று தன் வேலையைக் காட்டியிருக்கும். இவை தானாகக் கெடுப்பதைவிட, அவசரப்பட்டுத் துடைத்தும் கழற்றியும் நாம் கெடுப்பதுதான் அதிகம். சர்வீஸ் பில் எகிறுவதும் அங்கேதான்.

உங்கள் படத்தில் தெரியும் அடையாளத்தைக் கீழே தேடி நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், பர்ஸைக் காலி செய்வது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். லென்ஸையும் மாற்றி, ஃபில்டரையும் கழற்றி, மெனுவிலும் கை வைத்தால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

## 1. வானத்தில் கரும்புள்ளிகள்

முதலில் ஒரு சோதனை. அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப்/22 (எண் பெரிதானால் திறப்பு சிறிது). ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100. ஃபோகஸைக் கையால் மிக அருகுக்குத் திருப்பிவிட்டு, மேகமில்லாத வானத்தை ஒரு படம் எடுங்கள். பிறகு லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து (எஃப்/2.8, எஃப்/4 எதுவானாலும் சரி) இன்னொன்று. இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

புள்ளி படத்துக்குப் படம் இடம் மாறுகிறது. அது ஈ. உலுரு பக்கம் வெயில் காலத்தில் அகலக்கோண லென்ஸோடு நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். லென்ஸுக்கு ஓரடி தள்ளிப் பறக்கும் ஈ, மங்கலான கரும்பொட்டாக வானத்தில் விழும். ஒரே காட்சியை நாலைந்து முறை எடுத்து வையுங்கள், அவ்வளவுதான்.

பெரிய, மங்கலான வட்டம். லென்ஸை மாற்றினால் மறைகிறது. முன் கண்ணாடியிலோ ஃபில்டரிலோ தூசி அல்லது நீர்த்துளி. ஃபில்டரைக் கழற்றி ஒரு படம் எடுத்தால் எதில் என்று தெரிந்துவிடும்.

எஃப்/22-இல் தெளிவாக இருக்கிறது, அகலத் திறந்தால் காணோம். சென்சாரில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் படம் பதியும் சில்லில், தூசி. ஊர் திரும்பியவர்கள் அனுப்பும் படங்களில் பாதிக்குமேல் இதுதான்.

ஒரே ஒரு பிக்சல் அளவில் சிவப்பாகவோ வெள்ளையாகவோ மின்னுகிறது. தூசி இல்லை, சூடேறிய பிக்சல். சில கேமராக்களின் மெனுவில் பிக்சல் மேப்பிங் இருக்கும், அதை ஓட்டுங்கள். துடைத்துப் பயனில்லை.

சென்சார் தூசி என்று உறுதியானால், செய்யும் வரிசை முக்கியம். கேமராவின் மெனுவில் உள்ள சென்சார் சுத்தம் செய்யும் வசதியை மூன்று நான்கு முறை ஓட்டிவிட்டு மறுபடி எஃப்/22 சோதனை. போகவில்லையா? பேட்டரி நிறைய இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கையால் சுத்தம் செய்வதற்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்து, லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாயைத் தரையை நோக்கிப் பிடித்து, ரப்பர் பம்பால் பலமாக ஊதுங்கள். பம்பின் மூக்கு உள்ளே போகக் கூடாது. வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறிக்கும். கணினி விசைப்பலகைக்கு அடிக்கும் காற்று டப்பாவும் வேண்டாம், அதில் திரவமும் சேர்ந்து பீய்ச்சும்.

எந்தப் புள்ளி எங்கே என்று தேடுபவர்களுக்கு: சென்சாரில் படம் தலைகீழாக விழுகிறது. கேமராவை நேராக நிறுத்தி முன்னாலிருந்து பார்த்தால், படத்தில் மேல் இடது மூலையில் உள்ள புள்ளி, சென்சாரில் கீழ் இடது மூலையில் இருக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் ஈரத் துடைப்பான். முழு ஃபிரேம் என்ற பெரிய சென்சாருக்கு 24 மி.மீ. அகலம், ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சாருக்கு 16 மி.மீ. ஒரு பக்கத்தால் ஒரு இழுப்பு, மறுபக்கத்தால் திரும்ப ஒரு இழுப்பு, அப்புறம் குப்பைத் தொட்டி. இதை வீட்டில் மட்டும் செய்யுங்கள். ப்ரூம் ஊர்ப் பக்கத்துப் பிண்டன் என்ற செம்மண்ணும் சரி, உலுருவின் செம்மண்ணும் சரி, மெல்லிய மாவுக்குள் மணல் கலந்த சங்கதி. ஊதாமல் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

எப்போது நிறுத்த வேண்டும்: இரண்டு முறை ஈரமாகத் துடைத்தும் வளையம் போன்ற கறை நகராமல் இருந்தால், அல்லது புள்ளிக்குப் பதில் மெல்லிய கோடு தெரிந்தால். வளையம் எண்ணெய்க் கறையாக இருக்கலாம், கோடு கீறலாக இருக்கலாம். சுத்தம் செய்து தர நூறு டாலரை ஒட்டித்தான் ஆகும். கீறல் விழுந்த சென்சார் கண்ணாடியை மாற்ற வேண்டுமென்றால், பழைய கேமரா ஒன்றே வாங்கிவிடலாம் போலிருக்கும்.

அடுத்த முறைக்கு ஒரு யோசனை. மண் சாலைப் பயணத்தில் லென்ஸை வெளியே நின்று மாற்றாதீர்கள். காருக்குள் உட்கார்ந்து மாற்றுங்கள். ஆனால் ஏசி காற்றை அணைத்த பிறகு. அந்தக் காற்றுதான் டேஷ்போர்டில் படிந்த புழுதியைக் கிளப்பி உள்ளே அனுப்புகிறது. நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ்கள் ஒவ்வொரு முறையும் காற்றை இழுக்கும், கூடவே புழுதியையும். புழுதி பறக்கும்போது ஜூமை அடிக்கடி திருப்பாதீர்கள்.

## 2. படம் கூர்மையாக இல்லை

எல்லோரும் ஒரே சொல்லில் "ஷார்ப்பா இல்ல" என்பார்கள். அதற்குள் நாலு வேறு வியாதிகள் இருக்கின்றன. படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கி, எங்கே மங்கல் என்று முதலில் பாருங்கள்.

### முழுப் படமும் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது

ஆட்டம்தான். ஆடியது ட்ரைபாடா, தரையா என்று பார்க்க வேண்டும். தேசியப் பூங்காக்களின் பார்வை மேடைகள் பல இரும்புக் கம்பி வலையால் ஆனவை. லைவ் வியூவை, அதாவது கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியை, பத்து மடங்கு பெரிதாக்கி, தொலைவில் ஒரு மர உச்சியின் மேல் வைத்துக்கொண்டு பாருங்கள். மேடையின் மறுகோடியில் ஒரு குழந்தை ஓடினால் போதும், மர உச்சி திரையில் துள்ளும். குழந்தை நின்று இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் அடங்கும். அந்த அடங்கிய நொடியில் எடுக்க வேண்டும். கிரேடில் மவுண்டன் பக்கத்து மரப் பாதைகளிலும் இதே கதை.

மேடை இல்லை, மண் தரைதான் என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: கழுத்துப் பட்டை காற்றில் அடிக்கிறதா, கழற்றுங்கள். நடுத்தண்டு உயர்ந்திருக்கிறதா, இறக்குங்கள். 2 நொடி டைமர் போடுங்கள். லென்ஸின் அதிர்வு நிறுத்தியை அணைத்து ஒரு படம், போட்டு ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். பழைய லென்ஸ்கள் சில ட்ரைபாடில் அதனாலேயே ஆடும். கடைசியாகத் திருகுகள். ஊட்னடாட்டா ட்ராக், கிப் ரிவர் ரோடு மாதிரி வரிவரியாக மேடு விழுந்த சாலையில் ஒரு நாள் ஓட்டினால் ட்ரைபாட் தலையின் திருகும், கேமராத் தட்டின் திருகும் தாமாகவே தளரும். மாலையில் கூடாரம் போட்டதும் ஆலன் சாவியால் ஒரு சுற்று இறுக்கிவிடுவது நல்ல பழக்கம்.

### பக்கத்தில் உள்ளது கூர்மை, தொலைவில் உள்ளது அலையலையாக

கானல். உறுதி செய்ய, தொலைவில் உள்ள பாறை விளிம்பை 1/1000 நொடியில் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். ஆட்டமாக இருந்தால் விளிம்பு முழுவதும் ஒரே பக்கம் இழுபடும். கானலாக இருந்தால் ஒவ்வொரு படத்திலும் விளிம்பு வேறு வேறு இடத்தில் நெளிந்திருக்கும். உப்பு ஏரிகளிலும் நல்லார்போர் சமவெளியிலும் நடுப்பகலில் 200 மி.மீ. லென்ஸ் போட்டால் இதைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது.

இதற்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை. லென்ஸைச் சர்வீஸுக்கு அனுப்பாதீர்கள். விடியலுக்கு வாருங்கள், அல்லது பொருளுக்குப் பக்கத்தில் போங்கள், அல்லது அகலக்கோண லென்ஸால் முன்புறத்தைப் படமாக்குங்கள். காரின் சூடான பானட்டுக்கு மேலாகவோ, ஏசி காரின் திறந்த கண்ணாடி வழியாகவோ எடுத்திருந்தால் கானலை நீங்களே உண்டாக்கியிருக்கிறீர்கள். காரை விட்டுத் தள்ளி நின்று எடுங்கள்.

### ஒரு பக்கம் மட்டும் மங்கல்

செங்கல் சுவரை நேர்க்குநேர் நின்று எஃப்/4-இல் எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாக வைத்து அதே படம். நேராகப் பிடித்தபோது இடது ஓரம் மங்கலாக இருந்து, தலைகீழாகப் பிடித்தபோது அந்த மங்கல் சுவரின் வலது ஓரத்துக்குப் போனால் கோளாறு லென்ஸிலோ கேமராவிலோ இருக்கிறது. சுவரின் அதே பக்கத்திலேயே நின்றால் நீங்கள் நேராக நிற்கவில்லை. லென்ஸ்தான் என்றால், முன்பு சொன்ன மேடுபள்ளச் சாலையோ, ஒரு சின்ன விழுதலோ உள்ளே கண்ணாடியை நகர்த்தியிருக்கும். வேறு லென்ஸிலும் அப்படியே வந்தால் சந்தேகம் கேமராவின் மேல். இரண்டுமே தொழில்முறை வேலை, திருகைத் தொடாதீர்கள். இனிமேல் கேமராப் பையை டிக்கியின் தரையில் வைக்காமல் பின் சீட்டில், ஒரு போர்வையின் மேல் வையுங்கள்.

### எல்லாமே லேசாக மென்மை

"நிலக்காட்சி என்றால் எஃப்/22" என்று எங்கோ படித்துவிட்டு வருகிறார்கள். எஃப்/22-இல் எந்த லென்ஸும் மென்மையாகத்தான் தரும். எஃப்/8, எஃப்/11-க்கு வாருங்கள். முன்புறப் பூவும் பின்புற மலையும் ஒன்றாகக் கூர்மையாக வேண்டுமென்றால் ஃபோகஸை மாற்றி இரண்டு மூன்று படம் எடுத்து ஒட்டுங்கள்.

## 3. படம் வெளுத்து, மூட்டமாக இருக்கிறது

லென்ஸின் முன் கண்ணாடியை டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஆவி படிந்திருக்கிறது, துடைத்தாலும் சில நொடிகளில் திரும்ப வருகிறது. டார்வின், கக்காடு, டெய்ன்ட்ரீ பக்கம் ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் நடப்பது. குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். கேமராவை இறுக மூடும் பிளாஸ்டிக் பையிலோ, மூடிய கேமராப் பையிலோ வைத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். விடியற்காலைப் படம் என்றால் முந்தைய இரவே பையைப் பால்கனியிலோ காரிலோ வைத்துவிடலாம், பாதுகாப்பான இடமாக இருந்தால். குளிர்காலத்தில் டாஸ்மேனியாவில் இது தலைகீழாக நடக்கும்: பனியிலிருந்து ஹீட்டர் போட்ட அறைக்குள் வரும்போது. தீர்வு ஒன்றுதான், பைக்குள்ளேயே வைத்து உள்ளே கொண்டு வாருங்கள்.

ஆவி உள்பக்கம் இருக்கிறது. ஒரு நாள் காய்ந்த அறையில், சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். போய்விட்டால் நல்லது. இரண்டு நாள் ஆகியும் போகவில்லை என்றால் கடைக்குக் கொண்டு போங்கள். டார்ச் வெளிச்சத்தில் சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுத் தெரிந்தால் அது பூஞ்சை, காத்திருக்க வேண்டாம். மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.

பிசுபிசுப்பான படலம், துடைத்தால் இழுபடுகிறது. உப்பு. கியாமா அருகே பாம்போ, கிரேட் ஓஷன் ரோடு, சிட்னியின் பாறைக் குளங்கள் என்று அலை உடையும் எந்த இடத்திலும் அரை மணி நின்றால் போதும். சூரியனை நோக்கி எடுக்கும்போதுதான் இதன் முழு விளைவு தெரியும். முதலில் ஊதுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கடைசியில்தான் லென்ஸ் திரவம். காய்ந்த உப்பைக் காய்ந்த துணியால் தேய்ப்பவர்களால்தான் லென்ஸ் கடைகள் பிழைக்கின்றன. பாறையில் இறங்குவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் அலையைப் பாருங்கள். உங்கள் ட்ரைபாட் நிற்கப்போகும் இடம் ஈரமாக இருந்தால் அங்கே அலை வருகிறது என்று பொருள். வானிலை அலுவலகம் அபாய அலை எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில் மேலிருந்தே எடுங்கள்.

கண்ணாடி சுத்தமாக இருக்கிறது, மலை மட்டும் வெளுத்திருக்கிறது. நிறத்தைப் பாருங்கள். நீலச் சாயல் என்றால் யூகலிப்டஸ் காடுகளின் வழக்கமான மூட்டம், நீலமலைக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். மழைக்கு மறுநாள் காலையிலும், தெற்கிலிருந்து குளிர்காற்று அடித்த பிறகும் வெகுவாகக் குறையும். தெறிக்கும் ஒளியைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசர் கொஞ்சம் உதவும், மென்பொருளில் மூட்டம் நீக்கும் ஸ்லைடர் இன்னும் கொஞ்சம். நீலமலையின் பார்வை மேடையான எக்கோ பாயின்ட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த இடம் தெற்கு நோக்கியது. இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால். நிழலே விழாமல் மூன்று சகோதரிகள் என்ற பாறைத் தூண்களும் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாகத்தான் வரும். காலையோ மாலையோ போனால் ஒளி பக்கவாட்டில் விழும்.

மஞ்சளோ பழுப்போ கலந்திருந்தால் அது புகை. காட்டுத்தீயாகவும் இருக்கலாம், தீயைத் தடுக்க முன்கூட்டியே திட்டமிட்டு எரிப்பதாகவும் இருக்கலாம். நியூ சவுத் வேல்ஸில் 'ஹஸார்ட்ஸ் நியர் மீ' செயலியைத் திறந்து பாருங்கள். அங்கே தீ எச்சரிக்கை இருந்தால் படம் அப்புறம், முதலில் கிளம்புங்கள்.

## 4. சிவப்புப் பாறை பெயிண்ட் அடித்த மாதிரி

உலுரு சூரிய அஸ்தமனத்தில் செக்கச்செவேல் என்று ஒளிரும். படத்தில் பாறையின் வரிகளும் பள்ளங்களும் காணாமல்போய், ஒரே சிவப்புப் பட்டையாக இருக்கும். பிரகாச ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) சரியாகவே இருக்கும், அதனால்தான் குழப்பம்.

மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறங்கள். சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுங்கள், போதாவிட்டால் ஒரு முழு ஸ்டாப். படப் பாணி 'விவிட்' என்றோ 'லேண்ட்ஸ்கேப்' என்றோ இருந்தால் 'நியூட்ரல்' ஆக்குங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 'டேலைட்' வையுங்கள். ஆட்டோ சிவப்பைக் கண்டு பயந்து ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு விதமாகத் திருத்தும். ஏற்கனவே எடுத்ததாக இருந்து ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத அசல் பதிவு) கையில் இருந்தால், சிவப்பின் செறிவைக் குறைத்து, எக்ஸ்போஷரை இறக்கிப் பாருங்கள், பாதி வரி திரும்ப வரும். ஜேபெக் மட்டும் என்றால் போனது போனதுதான்.

கணினித் திரையில் மட்டும் இப்படித் தெரிந்து, கைபேசியில் நன்றாக இருந்தால், கேமராவை விட்டுவிட்டுத் திரையின் நிற அமைப்பைப் பாருங்கள்.

உலுருவைச் சுற்றி நடக்கும் பாதையில் சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். இந்த நிலத்தின் பூர்வகுடிகளான அனங்கு மக்களின் புனித இடங்கள் அவை. அங்கே கேமராவை இறக்கிவிடுங்கள்.

## 5. வானம் ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் வெளிறல்

போலரைசரும் அகலக்கோணமும் சேர்ந்ததால் வந்தது. சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானப்பகுதியில்தான் அதன் வேலை அதிகம். 16 மி.மீ. லென்ஸ் அந்தப் பகுதியையும் அடுத்த பகுதியையும் சேர்த்து விழுங்குகிறது. ஃபில்டரைக் கொஞ்சம் திருப்பி விளைவைக் குறையுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். 28, 35 மி.மீ.-க்கு மேல் இந்தத் தொல்லை குறைவு.

நான்கு மூலையும் கறுத்திருந்தால் ஃபில்டர் மேல் ஃபில்டர் போட்டிருப்பீர்கள். ஒன்றைக் கழற்றுங்கள். கழலவில்லையா? புழுதி மரையில் ஏறியிருக்கும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டு, அழுத்தாமல் மெதுவாகத் திருப்பினால் வரும். குறடு கொண்டு திருப்ப நினைக்கும் நிமிடத்தில் கடைக்குப் போங்கள்.

## 6. நட்சத்திரம் புள்ளியாக வரவில்லை

மே முதல் ஆகஸ்ட் வரை பால்வீதியின் மையம் இங்கே தலைக்கு மேலே வரும். அதனால் இந்த மாதங்களில் இந்தக் கேள்விகளும் அதிகம்.

எல்லா நட்சத்திரமும் ஒரே அளவு குட்டிக் கோடு. ஷட்டர் நீளம். 500-ஐ லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால் வரும் நொடிகள்தான் உச்சம்: 20 மி.மீ. என்றால் 25 நொடி. ஏபிஎஸ்-சி என்றால் அதையும் ஒன்றரையால் வகுக்க வேண்டும். பிக்சல் அதிகமுள்ள புதிய கேமராக்களில் 500-க்குப் பதில் 300 வைத்துக்கொள்வது நல்லது.

தடித்த வட்டம். ஃபோகஸ். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை லைவ் வியூவில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் திருப்பி, ஒட்டுநாடாவால் வளையத்தை ஒட்டுங்கள். பாலைவனத்தில் இரவு ஏற ஏறக் குளிர் இறங்கும், ஃபோகஸும் நகரும். ஒரு மணிக்கொரு முறை சரிபாருங்கள்.

மூலைகளில் மட்டும் சிறகு முளைத்த நட்சத்திரம். லென்ஸின் இயல்பு. எஃப்/1.8-இலிருந்து எஃப்/2.8-க்கு வாருங்கள்.

நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம், நேரம் ஆக ஆக அதிகமாகிறது. லென்ஸில் பனி. லென்ஸைச் சுற்றிக் கட்டும் யுஎஸ்பி ஹீட்டர் பட்டை ஒன்று வாங்குங்கள். அதுவரை கையைச் சூடாக்கும் பாக்கெட் ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டினாலும் சமாளிக்கலாம்.

வானம் முழுக்கப் பச்சைச் சாயல். நகர வெளிச்சம் என்று நினைப்பார்கள். 2016-இல் ஆஸ்திரேலியாவின் முதல் இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட வாரம்பங்கிளில் நின்று எடுத்தாலும் இது வரும், ஏனென்றால் மேல் வளிமண்டலமே லேசாகப் பச்சையில் ஒளிர்கிறது. கோளாறு இல்லை, பிடிக்காவிட்டால் மென்பொருளில் பச்சையைக் குறையுங்கள்.

### டிராக்கர் போட்டும் கோடு வருகிறது

டிராக்கர் என்பது நட்சத்திரங்களின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவை மெல்லச் சுற்றும் கருவி. இந்தக் கோட்டுக்குத் தனிச் சோதனை. 50 மி.மீ. லென்ஸ், டிராக்கரை நிறுத்திவிட்டு 60 நொடி ஒரு படம். ஓடவிட்டு 60 நொடி இன்னொன்று. கோடுகளின் நீளத்தை ஒப்பிடுங்கள்.

ஓடவிட்டபோது கோடு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றால், டிராக்கர் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. வடகோளம், தென்கோளம் மாற்றும் பொத்தான் வடக்கில் இருக்கிறது. இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ பயன்படுத்திவிட்டு இங்கே கொண்டு வந்தவர்களுக்கு முதல் இரவில் அடிக்கடி நடப்பது இது. தெற்குக்கு மாற்றினால் முடிந்தது.

இரண்டிலும் ஒரே நீளம் என்றால் டிராக்கர் சுற்றவே இல்லை. பேட்டரி, அப்புறம் கிளட்ச் திருகு. பாதி நீளம் என்றால் அரை வேக அமைப்பில் இருக்கிறது.

கோடு குறைந்திருக்கிறது, ஆனால் முழுதாகப் போகவில்லை என்றால் டிராக்கரைத் துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதாகத் தெரியும் மையத்தை, நோக்கிச் சரியாக நிறுத்தவில்லை. வடக்கே துருவ நட்சத்திரம் இருக்கிறது, இங்கே அப்படி வசதியாக எதுவும் இல்லை. தென்துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிக்மா ஆக்டான்டிஸ் என்ற நட்சத்திரம் வெறும் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். இப்படிப் போங்கள்: டிராக்கரின் சாய்வை முதலில் இடத்தின் அட்சரேகைக்கு வையுங்கள், சிட்னிக்கு 34 டிகிரி, உலுருவுக்கு 25, ஹோபார்ட்டுக்கு 43. பிறகு திசை. திசைகாட்டி முள் காட்டும் தெற்கு உண்மைத் தெற்கு இல்லை. சிட்னியில் 12, 13 டிகிரி விலகும்: தெற்கு நோக்கி நின்றால், முள் காட்டும் இடத்திலிருந்து அவ்வளவு இடப்பக்கம் திரும்ப வேண்டும். பெர்த்தில் இந்த விலகல் 2 டிகிரிக்குள், அதுவும் எதிர்த் திசையில். கைபேசித் திசைகாட்டியில் 'உண்மை வடக்கு' என்ற அமைப்பைப் போட்டால் கணக்கே தேவையில்லை. ஆனால் ட்ரைபாடின் இரும்புக்கும் காருக்கும் தள்ளி வைத்துப் பாருங்கள். பில்பராவில் இரும்புத் தாதுப் பாறைகளுக்கு நடுவே நிற்கிறீர்கள் என்றால் எந்தத் திசைகாட்டியையும் நம்பாமல், தென்சிலுவையின் நீண்ட தண்டைத் தலையிலிருந்து கால் பக்கமாக நாலரை மடங்கு நீட்டித் துருவத்தைக் கண்டுபிடியுங்கள்.

அகலக்கோண லென்ஸுக்கு இவ்வளவு போதும். 135 மி.மீ.-க்கு மேல் போகிறவர்கள்தான் டிராக்கரின் சிறு தொலைநோக்கியான துருவ நோக்கியில் சிக்மா ஆக்டான்டிஸையும் அதன் கூட்டாளி நட்சத்திரங்களையும் பொருத்திப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் கோடு பல்பல்லாக நெளிந்தால் கியரில் கோளாறு, அது கடை வேலை.

## 7. திருப்பினால் கரகர என்கிறது

ட்ரைபாட் கால் என்றால் நீங்களே செய்யலாம். பூட்டுகளைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, மரையில் மட்டும் துளி கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் எந்த வரிசையில் வந்தன என்று கழற்றும்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள். கடற்கரையில் அடிக் காலைத்தான் முதலில் நீட்ட வேண்டும், அப்போதுதான் பூட்டு மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே நிற்கும்.

லென்ஸ் வளையம் கரகரத்தால் மேலும் ஒரு முறைகூடத் திருப்பாதீர்கள். வெளிப்புறத்தை ஊதி, மெல்லிய தூரிகையால் விளிம்பைத் தட்டிவிடுங்கள். அப்புறமும் சத்தம் வந்தால் மணல் உள்ளே போய்விட்டது. ஒவ்வொரு திருப்பும் பில்லைக் கூட்டும்.

## 8. கேமரா தானாக அணைகிறது

வெயிலில் சூடு எச்சரிக்கை வந்தால் அணைத்து, பேட்டரியைக் கழற்றி, நிழலில் வையுங்கள். ட்ரைபாடில் நின்றபடி காத்திருக்கும் கேமராவின் மேல் வெள்ளைத் துண்டு போட்டாலே பெரிய வித்தியாசம். நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். காலியான எஸ்கி (ஐஸ் போட்டுப் பொருட்களைக் குளிராக வைக்கும்) பெட்டி, கேமராவைச் சூட்டிலிருந்து காக்க அருமையான இடம். ஆனால் ஐஸ் போட்ட எஸ்கியில் வைத்தால் மூன்றாம் தலைப்புக்குத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

குளிரில், கோசியஸ்கோவிலோ கிரேடில் மவுண்டனிலோ, பேட்டரி திடீரென்று காலி என்று காட்டினால் சட்டையின் உள்பையில் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள், மறுபடி ஓடும். இயல்பான வெப்பநிலையில், வேறு பேட்டரி போட்டும் அணைந்தால் சர்வீஸ்.

## 9. கடல் தண்ணீரில் விழுந்தது

இங்கே படிப்படியாக எதுவும் இல்லை. பேட்டரியைக் கழற்றுங்கள், கார்டை எடுங்கள், வேலை செய்கிறதா என்று ஒரு முறைகூட ஆன் செய்து பார்க்காதீர்கள். அரிசி டப்பாவில் வைத்துக் காத்திருப்பது உப்புக்கு அரிக்க நேரம் கொடுப்பது. அன்றே கடைக்கு. பெரும்பாலும் "லாபமில்லை" என்றுதான் சொல்வார்கள், ஆனால் காப்பீட்டுக்கு அந்தக் கடிதம் வேண்டும். ஆள் விழுந்தால் 000.

## 10. ட்ரோன் கிளம்ப மறுக்கிறது

திசைகாட்டிப் பிழை என்றால் கார் பானட், இரும்பு மூடி, கம்பி மேடை இவற்றிலிருந்து இருபது மீட்டர் தள்ளிப் போய் மறுபடி சரிசெய்யுங்கள். தடைப்பகுதி என்று காட்டினால் அது கோளாறே இல்லை. விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையமான காசாவின் விதிப்படி உயரம் 120 மீட்டருக்குள், ஆட்களிடமிருந்து குறைந்தது 30 மீட்டர், எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். தேசியப் பூங்காக்களுக்கு இதன் மேல் தனி விதி உண்டு. உலுரு-காட்டா ஜூட்டாவில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. பூங்காவின் விதியைக் கிளம்பும் முன்பே பாருங்கள்.

## சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

"சரியா வரல" என்று மட்டும் சொன்னால் சோதனைக் கட்டணத்தோடு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். எஃப்/22 வானப் படம், செங்கல் சுவர்ப் படங்கள், டிராக்கர் படங்கள் எதுவாக இருந்தாலும் திருத்தாத அசல் ஃபைலாக ஒரு கார்டில் போட்டுக் கொடுங்கள். எந்த நிலத்தில் பயன்படுத்தினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடற்கரை என்றால் அவர்கள் முதலில் அரிப்பைத் தேடுவார்கள், செம்மண் என்றால் ஷட்டருக்குள் பார்ப்பார்கள். பேட்டரி, பட்டை, ஃபில்டர் எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். கோளாறு ஒரு குறிப்பிட்ட லென்ஸோடு மட்டும் வருகிறது என்றால் கேமராவையும் அந்த லென்ஸையும் சேர்த்தே கொடுங்கள், தனித்தனியாக அனுப்பினால் இரண்டுமே நன்றாக இருப்பதாகச் சீட்டோடு திரும்பி வரும்.